பதினோரு நாள் புகை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஞானராஜ் வாத்தியார் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. காத்து வாத்தியார் என்று கேட்டால் உடனே மிஷன் பள்ளிக்கூடத்து மாடியைக் கைகாட்டுவார்கள். தகரத்தில் வெட்டிய சேவல் ஒன்று அங்கே காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கம்பத்தில் நாலு முழத் துணி நாடா ஒன்று தொங்கும். நாடா எவ்வளவு தூக்குகிறது என்று பார்த்து, காற்று என்ன வேகத்தில் அடிக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், மாலை நாலு மணிக்கு ஒரு தரம் மாடியேறிப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஆறு வருஷமாக எழுதுகிறார். எழுதச் சொன்னவர் யாரும் இல்லை, எழுதியதைப் படித்தவரும் இல்லை. சக வாத்தியார்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். தமிழ் வாத்தியார் சடகோபன் மட்டும் முகத்துக்கு நேரே சிரிப்பார். அவர் நல்ல மனுஷர்.

காற்றின் மேல் இந்தப் பித்து சும்மா வந்ததில்லை. ஞானராஜின் அம்மா இழுப்பு வியாதியில் செத்துப்போனவள். தங்கை ஜெயக்கொடிக்கும் அதே இழுப்பு. அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, இவருக்குப் பதினாறு. அவளுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் நிமிர்த்தி உட்கார வைத்து, விடிகிற வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர் இவர்தான். எந்தக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று பார்க்க ஆரம்பித்ததுதான் பிற்பாடு சேவலும் நாடாவும் நோட்டுமாக வளர்ந்தது. அப்படிப் பார்த்தால் அந்த ஆறு வருஷ நோட்டும் அவளுக்காக எழுதியதுதான்.

ஜெயக்கொடி வளர்ந்து, ராஜபாளையத்துச் சூசையைக் கட்டிக்கொண்டாள். இவர்கள் புராட்டஸ்டண்டு, அவன் கத்தோலிக்கன். "நம்ம கோயில்ல ஆம்பளையே இல்லையா?" என்று அப்பா குதித்தார். அண்ணன்தான் நடுவில் நின்று கல்யாணத்தை முடித்து வைத்தார். புதுக் குடித்தனத்துக்கு வீடு பார்த்ததும் அவரே. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி, ஓடைக்கரை என்று நாற்பது வீடு உள்ள குடியிருப்பு. மலைக்காற்று நேராக வரும், தூசி கிடையாது. அங்கே போன பிறகு ஜெயக்கொடிக்கு இழுப்பு வருவது குறைந்தது. வருஷத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை, அவ்வளவுதான். ஞானராஜுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, தை மாசம். சஞ்சீவி ராஜா என்கிற முதலாளி ஓடைக்கரைக்கு அரை மைல் மேலே, ஓடையின் மேட்டுக் கரையில், பெரிய சுண்ணாம்புக் காளவாசல் ஒன்று கட்டப் போவதாகச் செய்தி வந்தது. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக்கல் வரும், ரயிலடியிலிருந்து நிலக்கரி வரும், இருபது ஆளுக்கு வேலை வரும். எல்லாம் சரி, புகையும் வருமே? ஓடைக்கரைக்காரர்கள் தாசில்தாருக்கு மனு எழுதிப் போட்டார்கள். புகை வருமா வராதா என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தாசில்தார் இரண்டு பக்கத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளிக்கும் சரி, மனுக்காரர்களுக்கும் சரி, தெரிந்த ஒரே ஆள் காத்து வாத்தியார்தான்.

அந்தச் சனிக்கிழமை ஞானராஜ் தங்கை வீட்டுக்குப் போனார். சூசைக்கு நாலு மாசமாக நிலையான வேலை இல்லை. காளவாசல் வந்தால் மேஸ்திரி வேலை தருவதாக ராஜா சொல்லியிருந்தார். சூசை கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். பேசியது ஜெயக்கொடிதான்.

"இங்க பாருண்ணே, எனக்குக் கணக்கும் தெரியாது, காத்தும் தெரியாது. புகை வரும்னு நீ சொன்னா நாங்க கான்சாபுரத்துக்குப் போயிருதோம். அங்க அவிய அக்கா வீடு இருக்கு, வயக்காட்டு வேலை கிடைக்கும். வராதுன்னு சொன்னா இங்கயே இருக்கோம். அம்புட்டுதான்."

"ஏட்டி, என் தலையில கட்டாத. உன் நெஞ்சுதான முட்டும்?"

"என் நெஞ்சப் பத்தி என்னையவிட உனக்குத்தான தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தாள். "உன் தகரச் சேவல் என்ன கூவுதோ அதுதான் எங்களுக்கு விடியல்."

அன்று முதல் மூன்று மாசம் ஞானராஜுக்கு வேறு நினைப்பு இல்லை. சீமையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் புகைபோக்கிகளைப் பற்றி யாரோ எழுதியிருந்ததை அவர் எப்போதோ எடுத்து வைத்திருந்தார். புகை காற்றோடு போகப் போகப் பனையோலை விசிறி மாதிரி விரிகிறது. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மெலிவு. தூரம் கூடக் கூட நீர்த்துப்போகும். காற்று வேகமாக அடித்தால் இன்னும் நீர்த்துப்போகும். இவ்வளவு புகை புறப்பட்டால் இன்ன இடத்தில் எவ்வளவு வந்து சேரும் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். புறப்படும் புகையை விசிறியின் அகலத்தாலும் உயரத்தாலும் வகுத்து, பிறகு காற்றின் வேகத்தாலும் வகுக்க வேண்டும். வருஷத்தில் எத்தனை நாள் எந்தத் திசையில் காற்று அடிக்கும் என்பதுதான் மீதி. அதற்குத்தான் ஆறு வருஷ நோட்டு இருக்கிறதே!

விசிறி எவ்வளவு விரியும் என்பதை மட்டும் இந்த மண்ணிலேயே பார்த்துவிட நினைத்தார். சனிக்கிழமை தோறும் சூசையைக் கூட்டிக்கொண்டு மேட்டுக் கரைக்குப் போவார். ஈர வைக்கோலும் கரித்தூளும் குவித்துத் தீ வைப்பார்கள். காற்றுப் போகிற பக்கம் நூறு அடிக்கு ஒன்றாக மூங்கில் நட்டு, கெட்டியாகக் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை ஈரத்தோடு கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துணிகளை அவிழ்த்து, ஒட்டியிருக்கும் கரிப்புள்ளிகளை வாத்தியார் பூதக்கண்ணாடி வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்.

ஜெயக்கொடியின் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். "வண்ணான் வெளுக்கத்தான் துணி காயப்போடுவான். எங்க சார் அழுக்காக்கக் காயப்போடுதாவ" என்றாள். ஓடைக்கரை முழுக்கச் சிரித்தது. ஆனால் சிரித்த அத்தனை பேருக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. நமக்காக ஒரு படித்த மனுஷன் வெயிலில் காய்கிறானே என்று.

பங்குனியில் கணக்கைப் போட உட்கார்ந்தார். திசை திசையாக நாட்களைக் கூட்டினார். ஆனி, ஆடியில் மேல்காற்று. புகை கிழக்கே கண்மாய்ப் பக்கம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை. புகை தென்மேற்கே, ஆள் இல்லாத முள்ளுக்காடான உடங்காட்டுக்குப் போய்விடும். ஓடைக்கரை இருப்பது தென்கிழக்கே. இரண்டு விசிறிக்கும் நடுவே, இரண்டிலும் படாமல் அது தப்பித்து நின்றது. அதைக் கண்டதும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் நோட்டு வெள்ளையாக இருந்தது. டிசம்பர் பதினைந்தாம் தேதி வாக்கில் பள்ளிக்கூடம் கிறிஸ்துமஸுக்கு மூடினால், திறப்பது ஜனவரி எட்டாம் தேதிக்குப் பிறகுதான். அந்த நாட்களில் அவர் ஊரில் இருந்ததே இல்லை. மனைவி தேவகிருபை, தங்கை, சூசை எல்லோருமாகத் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். பண்டிகைக்கு அப்பா வீட்டில் இல்லாவிட்டால் அது என்ன பண்டிகை? ஆறு வருஷமும் மார்கழி மாசத்துப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நவம்பர் கடைசியையும் ஜனவரி நடுவையும் கூட்டி, சராசரி எடுத்து, அந்த வெறுமையை நிரப்பினார். முந்நூற்று அறுபத்தைந்து நாளில் இருபத்தைந்து நாள்தானே. இரண்டு பக்கமும் காற்று இப்படி இருக்கும்போது நடுவில் மட்டும் வேறு எப்படி இருந்துவிடப் போகிறது? படித்தவனுக்கு வரும் தைரியம் இது. தெரியாத இடத்தைத் தெரியாது என்று விட்டுவைக்க அவனால் முடியாது. எதையாவது எழுதி நிரப்பிவிட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

குடியிருப்பின் சின்னக் கோயில் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். ராஜாவும் வந்து, நாற்காலி வேண்டாம் என்று சொல்லிப் பாயிலேயே உட்கார்ந்தார். ஞானராஜ் பெரிய காகிதத்தில் வரைந்திருந்த படத்தை விரித்துக் காட்டினார்.

"புகையே வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வருஷத்துல பதினோரு நாள் வரும். அதுவும் லேசா. மத்த நாள் வராது."

பதினோரு நாள்! இத்தனை சுத்தமாக ஒரு எண்ணை அந்த ஊருக்கு யாரும் சொன்னதே இல்லை. மழை எப்போது வரும் என்று கேட்டால்கூட, வந்தால் வரும் என்றுதான் சொல்லுவார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பதினோரு நாள் பொறுக்க மாட்டோமா, இருபது பேருக்கு வேலையாச்சே என்று பேச்சு முடிந்தது. சஞ்சீவி ராஜா கையெடுத்துக் கும்பிட்டார். "மாஸ்டர்காரு, கிழக்கே கரிசல்லே வேறே ஒரு இடமும் பார்த்து வச்சிருந்தேன். இங்கே ஆகாதுன்னு நீங்க சொல்லியிருந்தா அங்கேதான் கட்டியிருப்பேன்" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார்.

ஆனியில் காளவாசலுக்கு நெருப்பு வைத்தார்கள். மேல்காற்று சுழற்றி அடித்தது. புகை கிழக்கே கண்மாயைத் தாண்டிப் பறந்தது. ஐப்பசியில் வாடை திரும்பியது, புகையும் உடங்காட்டுக்குத் திரும்பியது. வாத்தியார் வரைந்த கோட்டின் மேலேயே புகை நடந்து போவதாக ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஜெயக்கொடி அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் கணக்கு வைத்தாள். புகை வந்த நாளுக்கு ஒரு கோடு. கார்த்திகை முடிய இரண்டே கோடு.

"உன் பதினோரு நாளும் செலவாகாமக் கிடக்கேண்ணே, மிச்சத்த என்ன செய்ய?" என்று கேலி பண்ணினாள். அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

மார்கழி பிறந்தது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிற காலம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சுண்ணாம்புக்கு வந்து நின்றது. காளவாசலில் ஒரு பாகம் வெந்து இறங்குவதற்குள் அடுத்த பாகம் ஏறியது. ராப்பகலாக நெருப்பு. மேஸ்திரி சூசைக்கு லீவு இல்லை. அவனைப் பண்டிகைக்குத் தனியாக விட்டுவிட்டு வர ஜெயக்கொடிக்கு மனசு இல்லை. "நீங்க போயிட்டு வாங்க மதினி. ஒரு வருசம் அப்பா என்னையத் திட்டாம சாப்பிடட்டும்" என்று தேவகிருபையிடம் சொல்லி அனுப்பினாள். ஞானராஜும் தேவகிருபையும் பதினாறாம் தேதி ரயில் ஏறினார்கள்.

இருபத்துமூன்றாம் தேதி ஒரு தபால் கார்டு வந்தது. ஜெயக்கொடியின் கோணல் எழுத்து.

"அன்புள்ள அண்ணனுக்கு. சுகம். நீ சொன்ன நாளெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துட்டுது. ஆறு நாளா விடியக்காலம் புகை வீட்டுக்குள்ள நிக்குது. முன்ன ரெண்டு, இப்ப ஆறு, ஆக எட்டு ஆச்சு. பாக்கி மூணு. பண்டிகைக்கு முந்தியே தீந்துரும். இவிய கான்சாபுரத்துக்குப் போவோம்னு நிக்காவ. மூணு நாளுக்குப் போயி எதுக்கு அலையணும்னு நான் சொல்லிட்டேன். அப்பாவுக்கு என் தோத்திரம்."

ஞானராஜ் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள். பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்கு நடந்து போகும்போதுதான் அவருக்கு உறுத்தியது. பதினோரு நாள் என்பது வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வர வேண்டிய நாள். அடுத்தடுத்து ஆறு நாள் ஒரே மாதிரி எப்படி வரும்? எந்தக் காற்று அதைக் கொண்டுவருகிறது? தென்கிழக்கே தள்ளுகிற காற்று மார்கழியில் கிடையாதே. நடையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. பண்டிகை முடிந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனார்.

இருபத்தேழாம் தேதி காலையில் தந்தி வந்தது. ரயில் பிடித்து, மாறி ஏறி, ராஜபாளையத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முந்தின நாள் விடியற்காலையிலேயே ஜெயக்கொடி செத்துப்போயிருந்தாள். அவர் வந்து இறங்கிய அன்று மத்தியானம் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு அடக்கம் செய்திருந்தார்கள். அவருக்கு மண்ணைத்தான் காட்டினார்கள். மேலே யாரோ அரளிப்பூ வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயதுப் பெண் அவள். ஆறு வயதிலிருந்து அவர் மடியில் மூச்சு வாங்கிப் பிழைத்தவள், கடைசி மூச்சுக்கு அவர் இல்லாமல் போனாள். அவர் அந்த மண்ணில் குப்புற விழுந்து பிள்ளை மாதிரி அழுதார். தேவகிருபையால் தூக்க முடியவில்லை. சூசைதான் வந்து தூக்கினான்.

வீட்டுக்கு வந்த பிறகு சூசை அவரை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுவரில் பதினோரு கோடு இருந்தது.

"எட்டு ஆனபோதே கிளம்புவோம்னேன் மச்சான். கார்டு போட்டாச்சு, இன்னும் மூணு நாளுதானன்னா. பண்டிகைக்கு மொத நாளு காலையில பதினோராவது கோட்டப் போட்டா. அன்னிக்கு அவளால நிக்க முடியல, சுவரப் புடிச்சிக்கிட்டுதான் போட்டா. போட்டுட்டு, இன்னையோட தீந்துட்டுது, நாளைக்கு இயேசு பொறந்த நாளுக்குச் சுத்தமா இருக்கும் பாருங்கன்னு சொன்னா."

"மறுநாளு?"

"மறுநாளு முன்னயவிட ஜாஸ்தி. கை நீட்டினா விரல் தெரியல. கோடு போடுன்னு சொன்னேன், மாட்டேன்னுட்டா. இது புகை இல்ல, பனி; அண்ணன் கணக்கு முடிஞ்சுபோச்சு, இனிமே புகை வராதுன்னா. வந்தவங்க கிட்டயெல்லாம் பனி, பனின்னுதான் சொன்னா. அதுக்கு அடுத்த விடியல்ல..." அவன் குரலில் கோபம் ஒரு துளிகூட இல்லை. அதைத்தான் ஞானராஜால் தாங்க முடியவில்லை. இவன் என்னை நாலு அறை அறையக் கூடாதா என்று இருந்தது.

விடிவதற்கு முன்னால் வெளியே வந்து நின்றார். ஆறு வருஷம் காற்றைப் பார்த்தவர் அன்றைக்குத்தான் மார்கழி விடியலை இந்த ஊரில் பார்க்கிறார். கருவேல இலை அசையவில்லை. மேலே வானம் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. கீழே, மேட்டுக் கரையிலிருந்து ஓடைப் பள்ளத்தின் வழியாகப் புகை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மலையடியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணீர் பள்ளத்துக்கு இறங்குவது போல ஓடையோடு இறங்கி வந்தது. வருகிற வழியில் காளவாசல் புகையையும் வாரிக்கொண்டு வந்து நாற்பது வீட்டையும் நிரப்பியது. மேலே ஏறவும் இல்லை, நகரவும் இல்லை. கையில் வைத்திருந்த நாடாவைத் தூக்கிப் பிடித்தார். அது செத்த பாம்பாகத் தொங்கியது. காற்றின் வேகம் பூஜ்யம். பூஜ்யத்தால் எந்த எண்ணையும் வகுக்கக் கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். அவருடைய நோட்டில் பூஜ்யம் என்று ஒரு நாள்கூட எழுதியதில்லை. அது வருகிற நாட்களில் பாதிக்கு அவர் ஊரில் இருந்ததில்லை, மீதி நாளிலும் எட்டு மணிக்கு முன்னால் மாடியேறியதில்லையே!

அப்படியே இருமிக்கொண்டு காளவாசலுக்கு ஓடினார். சஞ்சீவி ராஜா அங்கேதான் இருந்தார். இவரைப் பார்த்ததும் கண் கலங்கி, கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நெருப்ப நிறுத்துங்க ராஜா. என் கணக்கு தப்பு. தங்கச்சிய நான்தான் கொன்னேன்."

"சிவ சிவா! அப்படிச் சொல்லலாமா மாஸ்டர்காரு? பாப்பாவுக்குச் சின்னதுலே இருந்தே நோவு இருந்ததுன்னு எல்லாருக்கும் தெரியுமே. ஆறு மாசமா ஊரே பார்க்குது, நீங்க போட்ட கோடு எங்கேயாவது விலகிச்சா? யானைக்கும் அடி சறுக்கும். அதுக்காக, யானையே இல்லைன்னு ஆயிடுமா?"

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு இந்தப் பழமொழி எப்போதும் கைவசம் இருக்கும். யானை சறுக்கினால் அடியில் யார் கிடந்தார்கள் என்று அவர்கள் பார்ப்பதில்லை. பொங்கல் கழியட்டும், சாவகாசமாகப் பேசலாம் என்று சொல்லி, ராஜா தம் வில்வண்டியிலேயே அவரைத் திருப்பி அனுப்பி வைத்தார். ஞானராஜ் வீட்டுக்கு வந்து தாசில்தாருக்கு ஒரு மனு எழுதினார். அதைக் கொண்டுபோன சூசை, ஆபீசில் தாசில்தார் இல்லை, வெளியூர் முகாம் போயிருக்கிறார் என்ற பதிலோடு திரும்பி வந்தான்.

மத்தியானம் சடகோபன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் துக்கம் விசாரிக்க வந்தார். நடந்ததை ஞானராஜ் ஒன்று விடாமல் சொன்னார். வெறுமையாக இருந்த பக்கத்தையும், அதைத் தாம் நிரப்பியதையும் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்த சடகோபன், யோசிக்காமல் வாய்விட்டுவிட்டார்.

"மார்கழியிலே புகை எங்கே ஓய் ஏறும்? எங்க மாடவீதியிலே கோயில் மடப்பள்ளிப் புகை இடுப்புக்கு மேலே போகாது. விடியக்காலம் பஜனைக்குப் போறவா எல்லாம் இருமிண்டேதான் போவா. எங்காத்துக் குழந்தைகளுக்கே தெரியுமே இது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி.

"நான் கேக்கலையே சார்" என்றார் ஞானராஜ்.

"நீர் கேக்கலை. உம்ம நோட்டிலே என்ன இல்லைன்னு எனக்கும் தெரியாது" என்றார் சடகோபன். சாயங்கால பஸ் வரும் வரைக்கும் சடகோபன் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியலிலும் புகை வந்தது. வெயில் ஏறி, அது கலைந்த பிறகு, ஓடைக்கரைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் கருத்தம்மாள். இடுப்பில் அதே பிள்ளை. அதன் நெஞ்சு இழுத்து இழுத்து வாங்குவது இவர் உட்கார்ந்த இடத்துக்கே கேட்டது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

"துக்க வீட்டுல கேக்கக் கூடாது சார். கேக்காமலும் இருக்க முடியல" என்றாள் கருத்தம்மாள். "ஜெயக்கொடி இருந்தவரைக்கும் அவதான் எங்களுக்கு நாளு சொல்லுவா. இன்னும் எம்புட்டு நாளு சார் இருக்கு?"

ஞானராஜ் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாதும்மா. பதினோரு நாளுன்னு நான் சொன்னது பொய்க் கணக்கு. மார்கழி முழுக்க வரும், தையிலயும் வரும், எம்புட்டு நாளுன்னு எனக்குத் தெரியாது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிருங்க. இன்னைக்கே போங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருத்தம்மாளின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பின்னால் நின்றவளிடம், "பாவம், தங்கச்சி போன ஏக்கத்துல என்னத்தையோ பேசுதாவ" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வெயில்ல நின்னு எண்ணுனத எங்க கண்ணால பாத்தவங்க நாங்க. உங்க கணக்கு தப்பாது சார். செத்த நேரம் படுங்க. பொறவு மனசு தெளிஞ்சதும் ஒரு நாளு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க பொறுத்துக்கிடுதோம்."

"வேண்டாம்மா! பொறுக்காதிய! போயிருங்க!" என்று கத்திக்கொண்டே தெருவரைக்கும் அவள் பின்னால் ஓடினார். சூசை வந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். சரி சார், சரி சார் என்று மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே கருத்தம்மாள் தன் வீட்டுக்குள் போனாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அவர் சொல்லப்போகும் நாளுக்காகக் காத்திருந்தாள்.